திருப்பதியில் வீடு தேடுவோருக்கு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பணிக்கோ படிப்புக்கோ நாள்தோறும் சென்று திரும்பலாம் என்று தொடங்குவோர் பலர், சில மாதங்களிலேயே அங்கு வீடு பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983-இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த ஐ.ஐ.டி. எனக் கல்வி நிலையங்கள் பெருகிய ஊர் அது. 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆனது. எனவே கல்வியாண்டு தொடங்கும் வேளையில் காலி வீடு கிடைப்பது அரிது. அவசரம் மிகும்போதுதான் தவறுகளும் மிகுகின்றன.

தெருக்களில் ‘டு-லெட்’ என்றோ, தெலுங்கில் ‘அத்தெகு’ என்றோ எழுதிய பலகைகளைக் காணலாம். இது மலையடிவாரத்து நகரம். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே, அந்த நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று உரிமையாளரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டாரிடம் கேட்பது நல்லது. கோடையில் குடிநீர் எவ்வாறு கிடைக்கிறது, லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

வாடகை வீட்டைக் காட்டிலும் கூடுதல் கவனம் வேண்டுவது போக்கியம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் இம்முறை நம் பகுதிகளில் நெடுங்காலமாக உள்ளது. இப்போது ‘லீசு’ என்றும் வழங்குகிறது. இதன் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 9,000 வாடகை பெறும் வீட்டை ரூ. 6 லட்சம் போக்கியத்திற்கு ஒருவர் தருவதாகக் கொள்வோம். அத்தொகையை 7 விழுக்காடு வட்டியில் வைப்பில் இட்டால் ஆண்டுக்கு ரூ. 42,000 கிடைக்கும், வாடகையோ ஆண்டுக்கு ரூ. 1,08,000. குடியிருப்பவருக்கு ரூ. 66,000 ஆதாயம் என்று தோன்றும். ஆனால் உரிமையாளர் பக்கம் நின்று பாருங்கள். ரூ. 6 லட்சத்தைப் பெறுவதற்காக அவர் ரூ. 1,08,000 வருவாயைக் கைவிடுகிறார். அதாவது 18 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சொந்த வீடு உள்ளவர், அதை ஈடாகக் காட்டி வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் பெற முடியாதா? முடியவில்லை எனில் ஏன்? சிலருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். சிலருடைய வீடு ஏற்கெனவே ஏதேனும் ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கக்கூடும்.

அவ்வாறிருந்து தவணை நின்றுபோனால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின் அந்த வங்கி வீட்டைக் கைப்பற்ற முற்படலாம். முந்திய அடமானத்திற்கே முன்னுரிமை. பின்னர் வந்த போக்கியக்காரர் தம் பணத்திற்கு உரிமையாளரைத் தேடி அலைய நேரும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் விட்ட போக்கிய ஆவணத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம்.

ஆகவே பணம் தருவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்க்க வேண்டும். அது மட்டும் போதாது. மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதாலேயே ஏற்படும் அடமானம் சில வேளைகளில் வில்லங்கச் சான்றில் இடம்பெறாது. மூலப்பத்திரத்தைக் காட்டுமாறு தயங்காமல் கேளுங்கள். நகல் மட்டுமே கைக்கு வந்தால், மூலம் எங்கே உள்ளது என்பதே அடுத்த கேள்வி. வங்கி அடமானங்கள் பதிவாகும் ‘செர்சாய்’ எனும் மத்தியப் பதிவகத்திலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் வழக்கத்தில் வந்ததன் காரணம் இதுவே. ஒப்பந்தம் தெலுங்கில் இருந்து, உங்களுக்கு அம்மொழி பேச மட்டுமே தெரியுமெனில், படிக்கத் தெரிந்த வேண்டியவர் ஒருவர் வரிக்கு வரி படித்துச் சொன்ன பிறகே கையொப்பமிடுங்கள். முன்பணத்தில் எந்தெந்தச் செலவு கழிக்கப்படும், வெள்ளையடிப்புக்கு எவ்வளவு என்பவை எழுத்தில் இருக்கட்டும். முன்பணத்தைக் கணக்கிலிருந்து கணக்கிற்கே அனுப்புங்கள். ரொக்கமாகத் தந்துவிட்டுப் பின்னர் சாட்சி தேடுவது வீண் அலைச்சல்.

வீட்டை நேரில் காணும் முன் ‘டோக்கன்’ தொகை கேட்போரிடம் விலகியே இருக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி, க்யூஆர் குறியீட்டை அனுப்பி, யூபிஐ பின் எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

குடிபுகுந்த பின் வங்கி வேலைகள் எளியவை. மின் கட்டணச் சீட்டு பெரும்பாலும் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அது உங்கள் முகவரிச் சான்றாகாது. எனினும், முகவரி மட்டுமே மாறிய வாடிக்கையாளர் புதிய முகவரியைத் தாமே உறுதிமொழியாகத் தெரிவிக்கலாம். இரண்டு மாதங்களுக்குள் வங்கி அதைச் சரிபார்த்துக்கொள்ளும். கணக்கை அதே வங்கியின் திருப்பதிக் கிளைக்கு மாற்றினால் கணக்கு எண் மாறாது. ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறும், ஊதியம் வரும் இடத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புப் பெட்டகத்தை மட்டும் அவ்வாறு மாற்ற இயலாது. பழைய கிளையில் ஒப்படைத்துவிட்டுப் புதிய கிளையில் விண்ணப்பிக்க வேண்டும்; அங்கே காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம் என்பதால், நகைகளைக் கையில் எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்திற்குப் படிவம் 8. வேலூர், சென்னைப் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பதிவெண் வாகனத்துடன் வருவோர், 12 மாதங்களுக்கு மேல் ஆந்திரத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான தடையின்மைச் சான்றைப் பழைய ஊரை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவிட்டால் மீண்டும் ஒருமுறை பயணிக்க நேராது.