பம்புசெட்டின் அதிர்வும் அது காட்டும் குறிகளும்

நெற்பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் மோட்டார் நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவைவிட மகசூல் இழப்பே பெரிதாகும். ஆனால் பெரும்பாலான மோட்டார்கள் திடீரென்று கெடுவதில்லை. பேரிங் தேயத் தொடங்கியதும் முதலில் அதிர்வு மாறும். அடுத்து ஓசை மாறும். அதன் பின்னரே சூடு ஏறும். பேரிங் சிக்கிக்கொண்டால் காயிலும் எரிந்துவிடும். ஆகவே அதிர்வைக் கவனிக்கும் பழக்கம் பம்புசெட் வைத்துள்ள விவசாயப் பெருமக்களுக்கு மிகவும் அவசியம்.

ஆலைகளில் கையாளும் முறை

சர்க்கரை ஆலை, அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் சுழலும் இயந்திரங்களின் பேரிங் கூட்டின்மீது அதிர்வு உணரும் கருவியைப் பொருத்துகிறார்கள். இக்கருவியினுள் உள்ள படிகம் அழுத்தப்படும்போது மின்னூட்டம் உண்டாகிறது. இத்தன்மையை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர்.

அதிர்வின் வேகம் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கப்படுகிறது. 15 கிலோவாட் (20 குதிரைத்திறன்) வரையுள்ள சிறு இயந்திரங்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகள் வருமாறு:

0.71 வரை – நல்ல நிலை
0.71 முதல் 1.8 வரை – ஏற்கத்தக்கது
1.8 முதல் 4.5 வரை – விரைவில் பழுது பார்க்க வேண்டும்
4.5-க்கு மேல் – ஓட்டக்கூடாது

அதிர்வு நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் கொண்டு பழுது இருக்கும் இடத்தையும் அறியலாம். நிமிடத்திற்கு 2880 சுற்று ஓடும் மோட்டார் நொடிக்கு 48 முறை சுற்றுகிறது. நொடிக்கு 48 முறை வரும் அதிர்வு மிகுந்தால், இம்பெல்லர் போன்ற சுழலும் பாகத்தின் எடை ஒருபுறமாகச் சாய்ந்திருக்கலாம். 96 முறை வருவது மிகுந்தால், கப்ளிங்கில் இரு தண்டுகளும் நேர்கோட்டில் இல்லையா என்று பார்க்க வேண்டும். 9 குண்டுகள் கொண்ட 6205 எண் பேரிங்கின் வெளிவளையத்தில் குழி விழுந்தால், நொடிக்கு ஏறத்தாழ 170 தட்டுகள் தோன்றும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கருவி இல்லாமலும் இக்குறிகளில் பலவற்றை அறியலாம். முதலில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று மின் பணியாளரைக் கொண்டு உறுதி செய்து கொள்ளவும். ஈரக்கையால் மோட்டாரைத் தொடக்கூடாது. வேட்டி, துண்டு ஆகியவை சுழலும் பாகத்தில் படாமல் பார்த்துக் கொள்ளவும்.

1. மரப்பிடி போட்ட நீண்ட திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின்மீது வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்கவும். சீரான ஓசை நல்லது. கரகரப்போ கடகடப்போ கேட்டால் பேரிங்கை மாற்றவும்.

2. அதிர்வு மிகுந்திருந்தால் சுவிட்சை நிறுத்திப் பார்க்கவும். மின்சாரம் நின்ற அக்கணமே அதிர்வும் நின்றால் கோளாறு மின்பகுதியில் உள்ளது எனலாம். வேகம் குறையக் குறைய அதிர்வும் மெல்லக் குறைந்தால் அது இயந்திரக் கோளாறாகும்.

3. பம்பினுள் சரளைக்கல் உருள்வது போன்ற ஓசை வந்தால், ஃபுட் வால்வு அடைபட்டிருக்கலாம். அல்லது கிணற்று நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கலாம். பம்பு நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டர் (20 அடி) உயரத்திற்குள் இருப்பது நலம்.

4. அடித்தளப் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை முடுக்கவும். தளர்ந்த போல்ட் சிறு அதிர்வையும் பெரிதாக்கும்.

5. கிரீஸ் போட்டு ஓட்டும் பேரிங் கூட்டில் பாதி அளவுக்கு மேல் கிரீஸ் அடைக்க வேண்டாம். அதிகமானால் சூடு ஏறும்.

நீர்மூழ்கி மோட்டாரைத் தொட்டுப் பார்க்க இயலாது. மேலே வரும் குழாயின் அதிர்வையும் பெட்டியிலுள்ள ஆம்பியர் அளவையும் கவனித்து வரவும்.

பம்புசெட் புதிதாக இருக்கும்போதே அதன் ஓசை, சூடு, ஆம்பியர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்து, மாதந்தோறும் ஒப்பிடவும். மாற்றம் தெரிந்தவுடன், அடுத்த நீர் பாய்ச்சும் முறைக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டினால், பேரிங் மாற்றுவதோடு வேலை முடியும்; காயில் கட்டும் செலவும் பயிர் வாடும் நிலையும் தவிர்க்கப்படும்.