ஒரே தட்டு, ஒரே மெஷின், மூணு ரீடிங்: டர்ன்டேபிள் வேகத்தை அளப்பது எப்படி?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசிச்ச தோடி இசைத்தட்டைப் பத்தி நம்ம டெல்டாவுல கேள்விப்படாத இசை ரசிகர் இருக்க மாட்டார். அந்த மாதிரி ஒரு பழைய 78 ஆர்.பி.எம். தட்டை ரெண்டு பேர் ரெண்டு மெஷின்ல ஓட்டி டிஜிட்டலா மாத்தினா, ரெண்டு சுருதி வர வாய்ப்பு இருக்கு. எது உண்மை?

நாதஸ்வரத்துல இது சின்ன கேள்வி இல்லை. உயர்ந்த சுருதி உள்ள திமிரி நாயனத்திலிருந்து, நீளமான, சுருதி இறங்கின பாரி நாயனத்துக்கு வாத்தியம் மாறினதுல அவருக்கும் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை ஆசாரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பழைய தட்டுகளை வச்சு இந்த வரலாற்றை ஆராயணும்னா, தட்டு என்ன வேகத்துல ஓடிச்சுன்னு முதல்ல தெரியணும். அரை கட்டை மாறுறதுக்கு 6 சதவீத வேக வித்தியாசமே போதும். 80 ஆர்.பி.எம்.-ல பதிவான தட்டை 78-ல ஓட்டினா, சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை இறங்கிடும். ஆரம்ப காலத்துல எல்லா கம்பெனியும் சரியா 78-லயே பதிவு பண்ணலைங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

ரெண்டு விதமான பிழை

முதலாவது, சராசரி வேகம் தப்பா இருப்பது. மொத்தப் பாட்டும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். ரெண்டாவது, வேகம் ஏறி இறங்கி ஆடுவது. மெதுவான ஆட்டத்துக்கு 'வாவ்', வேகமான நடுக்கத்துக்கு 'ஃப்ளட்டர்'னு பேர். தோடி காந்தாரத்துல கமகம் ஏற்கெனவே அசையும், அதனால வாவ் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். நீளமா நிக்கிற சட்ஜத்துலதான் காது அதைப் பிடிக்கும்.

அடிப்படை முறை

3150 ஹெர்ட்ஸ் டோன் பதிவான டெஸ்ட் ரெக்கார்டை ஓட்டி, அதை லேப்டாப்புல பதிவு பண்ணி, அதிர்வெண்ணைப் பார்க்கணும். 3165 வந்தா பிழை 15 ÷ 3150, அதாவது 0.48 சதவீதம் அதிகம். 33⅓-க்கு பதிலா 33.49-ல ஓடுதுன்னு அர்த்தம். லேப்டாப் க்ளாக்கோட பிழை இதோட ஒப்பிட்டா மிகச் சின்னது, அதை விட்டுடலாம்.

முறை இவ்ளோதான். ஆனா மூணு தடவை அளந்தா மூணு ரீடிங் வரும். காரணங்களை ஒண்ணொண்ணா பார்ப்போம்.

1. நடு ஓட்டை

தட்டோட ஓட்டை சரியா மையத்துல இல்லைன்னா, ஊசிக்கு அடியில வேகம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை கூடிக் குறையும். கணக்கு சுலபம்: விலகலை ஆரத்தால் வகுக்கணும். 0.2 மி.மீ. விலகல், 100 மி.மீ. ஆரம்னா, பிழை ±0.2 சதவீதம். அதே தட்டுல உள்பக்கம் 60 மி.மீ. ஆரத்துக்கு வந்தா ±0.33. மெஷின் மாறவே இல்லை, ரீடிங் மட்டும் மாறிடுச்சு! அதனால எப்பவும் ஒரே இடத்துலதான் அளக்கணும்.

ஓட்டை கொஞ்சம் லூஸா இருந்தா, தட்டை எடுத்து வைக்கும்போதெல்லாம் விலகலும் மாறும். பழி தட்டு மேலயா, மெஷின் மேலயா? பிளாட்டர் விளிம்புல ஒரு சாக்பீஸ் குறி போட்டு, சத்தத்தோட சேர்த்து வீடியோ எடுங்க. அப்புறம் தட்டை மட்டும் அரைச் சுத்து திருப்பி வச்சு மறுபடி எடுங்க. வேகத்தோட உச்சம் குறியிலிருந்து அரைச் சுத்து நகர்ந்தா, குற்றவாளி தட்டு. குறிக்கு நேராவே நின்னா, மெஷின்.

2. ஸ்ட்ரோப் தட்டு

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 தடவை, நிமிஷத்துக்கு 6000 தடவை மின்னும். 33⅓-க்கு 180 கோடு வேணும். 78-க்கு 77 கோடு, அதுவும் உண்மையில 77.92-தான். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான 216 கோடு தட்டை பிரிண்ட் எடுத்தா, சரியான வேகத்துல கோடு ஓடிக்கிட்டே இருக்கும், 27.8 ஆர்.பி.எம்.-லதான் நிக்கும். நல்ல எல்.இ.டி. பல்புல மின்னலே இருக்காது, கோடு மங்கலாத்தான் தெரியும்.

3. கரண்டே அளவுகோலா இருந்தா

இது கொஞ்சம் நுணுக்கம். மெஷின்ல சிங்க்ரனஸ் ஏ.சி. மோட்டார் இருந்தா, வேகம் கரண்ட் அதிர்வெண்ணைப் பின்தொடரும். ஸ்ட்ரோப் விளக்கும் அதே கரண்டுலதான் எரியுது. அதிர்வெண் இறங்கினா ரெண்டும் சேர்ந்தே இறங்கும், கோடு அசையாம நிக்கும். அளக்கப்படுற பொருளும் அளவுகோலும் ஒண்ணாயிடுது. இந்திய கிரிட் 49.90–50.05 ஹெர்ட்ஸ் வரம்புக்குள்ள இருக்கணும்னு விதி இருக்கு, அதனால பிழை சின்னதுதான். ஆனா பவர் கட் நேரத்துல இன்வெர்ட்டர்ல ஓடினா அந்த உத்தரவாதம் கிடையாது.

4. போன் கைரோஸ்கோப்

33⅓-ன்னா வினாடிக்கு 200 டிகிரி. போனை பிளாட்டர் மேல வச்சா ஆப் இதைக் காட்டும். ஆனா சென்ஸார்ல கொஞ்சம் அளவுப் பிழை இருக்கும், போன் எடையும் ஒரு பக்கம் சாயும். சராசரி வேகத்தைச் சரிபார்க்க பழைய வழியே போதும்: 100 சுத்துக்கு சரியா 180 வினாடி ஆகணும். ஸ்டாப்வாட்ச்ல கை 0.2 வினாடி தப்பினாலும் பிழை 0.11 சதவீதம்தான்.

5. எண் ஒண்ணு, அர்த்தம் வேற

ஒரு ஆப் 0.1 காட்டும், இன்னொண்ணு 0.25 காட்டும். ரெண்டும் சரியா இருக்கலாம். ஒண்ணு ஆர்.எம்.எஸ்., இன்னொண்ணு பீக். ஒண்ணு காதுக்கு அதிகம் உறுத்துற 4 ஹெர்ட்ஸ் பக்கத்து ஆட்டத்துக்கு எடை கூட்டும், இன்னொண்ணு எதையும் வடிகட்டாது. எடை போடாத எண்ணுல நடு ஓட்டைப் பிழை பெரிசா தெரியும். முறையை எழுதாம எண்ணை மட்டும் ரிப்போர்ட்ல போட்டா, அதை வேற எதோடயும் ஒப்பிட முடியாது.

6. கடைசியாத்தான் மெக்கானிக்கல்

ரைஸ் மில்லுல லோடு ஏறும்போது தளர்ந்த பெல்ட் வழுக்குமே, அதேதான் இங்கயும். ஊசி வைக்காம ஒரு வேகம், ஊசி வச்சா குறையுதுன்னா பெல்ட்டைப் பாருங்க. ஆட்டம் எத்தனை வினாடிக்கு ஒரு தடவை திரும்ப வருதுங்கிறதுதான் துப்பு. 33⅓-ல 1.8 வினாடின்னா பிளாட்டர் அல்லது தட்டு. அதைவிட வேகமா வந்தா ரப்பர் சக்கரம் அல்லது மோட்டார் புல்லி.

செய்ய வேண்டிய வரிசை

மெஷினை 20 நிமிஷம் ஓடவிடுங்க. ஒரே டிராக், ஒரே ஆரம், ஒரே ஆப், ஒரே நேர அளவு. தட்டை எடுக்காம ஐந்து தடவை அளங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் எடுத்து வச்சு ஐந்து தடவை. முதல் ஐந்து ஒட்டி நின்னு, அடுத்த ஐந்து சிதறினா, மெஷினைக் கழட்ட வேண்டாம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

வீட்டுப் பரண்ல பாட்டியோட இசைத்தட்டு ஏதாவது இருந்து, அதை டிஜிட்டல் பண்ற ஐடியா இருந்தா, ஃபைல் கூடவே நாலு வரி எழுதி வைங்க: எந்த வேகம், எப்படி அளந்தது, எத்தனை தடவை, எவ்ளோ சிதறல். நாளைக்கு சுருதி தேடி வர்ற ஆளுக்கு அந்த நாலு வரி ரொம்ப உதவும்.