உதைக்கும் பொம்மைத் துப்பாக்கி: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜப்பானில் சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதற்குள்ளேயே பலருக்கு ஆசை அடங்கிவிடும். அந்த ஆசைக்கு 1970-களில் அங்கே கிடைத்த மாற்றுதான் ஏர்சாஃப்ட். பார்வைக்கு அசல் துப்பாக்கி. உள்ளே போவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. 1991-இல் டோக்கியோ மருயி நிறுவனம் பிரான்ஸ் நாட்டு ஃபமாஸ் ரைஃபிளின் வடிவில் மின்சார ரைஃபிளைக் கொண்டுவந்த பிறகு, காடுகளிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் அணி பிரிந்து சுட்டு விளையாடுவது ஒரு முழு விளையாட்டாகவே வளர்ந்தது.

அந்த ரைஃபிள்களுக்கு ஒரு குறை இருந்தது. சுட்டால் தையல் மிஷின் போலச் சத்தம் வரும், தோளில் ஒன்றும் தெரியாது. 2000-களின் பிற்பகுதியில் அதே நிறுவனம் 'அடுத்த தலைமுறை' என்ற பெயரில் ஏகே-74 வடிவிலும் எம்4 வடிவிலும் விற்பனைக்கு விட்ட ரைஃபிள்கள் உதைத்தன. இன்று பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. உதையோடு சேர்ந்து கதைகளும் பரவியிருக்கின்றன. அவற்றில் அடிக்கடி காதில் விழுபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: இந்த உதை நிஜத் துப்பாக்கியின் உதையேதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

அளவில் மட்டுமல்ல, வகையிலேயே வேறு. எப்படி என்று பார்க்க, உள்ளே நடப்பதை முதலில் சொல்லவேண்டும். விசையை அழுத்தியதும் மோட்டார் சுழல்கிறது. கியர்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகின்றன. கியரில் பல் இல்லாத பகுதி வந்ததும் பிடி விட்டு, பிஸ்டன் முன்னே பாய்ந்து சிலிண்டரிலுள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. இதுவரை எல்லா மின்சார ரைஃபிளுக்கும் பொது. உதைக்கும் வகையில் இதே பிஸ்டனோடு ஓர் உலோக எடையைச் சேர்த்திருப்பார்கள். எம்4 வடிவத்தில் அந்த எடை இருக்குமிடம் தோள்கட்டைக்குள் போகும் குழாய். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது குழாய்க்குள் ஓடி மோதி நிற்கிறது. அந்த மோதலைத்தான் தோள் உணர்கிறது.

நிஜமான எம்4-இலிருந்து ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதன் உந்தம் மட்டும் 3.6 நியூட்டன்-நொடி, கூடவே சீறிப்போகும் வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும். 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு நொடிக்கு 99 மீட்டரில் போனால் அதன் உந்தம் 0.02. இருநூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம். ஆனால் எண்ணைவிட முக்கியமானது வேறொன்று. நிஜத் துப்பாக்கியில் பொருள் வெளியே போய்விடுகிறது. துப்பாக்கி தோளைத் தள்ளிக்கொண்டே பின்னால் வருகிறது. பொம்மையில் ஓடும் எடை எங்கேயும் போவதில்லை. படகுக்குள் ஒருவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினால் படகு ஆடும், நகராது. படகிலிருந்து கனமான கல்லை வெளியே எறிந்தால்தான் அது எதிர்ப்பக்கம் நகரும். பொம்மையின் உதை முதல் வகை: முன்னே ஒரு வெட்டு, பின்னே ஒரு வெட்டு, கூட்டிக்கழித்தால் ஏறத்தாழ பூஜ்யம். நிஜத்தில் குழல் மேலே எழும்புவதை அடக்குவது ஒரு வித்தை. இங்கே அந்த வித்தைக்கு வேலையில்லை.

அதனால் இது ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். உதை இல்லாத ரைஃபிளால் சுட்டுவிட்டு இதை எடுத்தால் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதைச் செய்தார்கள், அதில் வென்றும் இருக்கிறார்கள். விற்பவர் 'அசல் அனுபவம்' என்று சொல்லும்போது அதைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்டால் போதும்.

நம்பிக்கை: உள்ளே இப்படி எடை ஓடினால் குறி எப்படி நிற்கும்?

கேள்வி நியாயமானதுதான், ஆனால் பழி விழவேண்டிய இடம் வேறு. ஏர்சாஃப்டில் குண்டு போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹாப்-அப் என்ற சின்ன ரப்பர். அறையின் மேல்பக்கத்தில் அது லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். குண்டு அதை உரசிக்கொண்டு வெளியேறும்போது பின்னோக்கிய சுழற்சி கிடைக்கிறது. மேக்னஸ் விளைவு அந்தச் சுழலும் குண்டை மேலே தாங்குகிறது. ஒரு ஜூலுக்கும் குறைவான சக்தியில் புறப்படும் பிளாஸ்டிக் உருண்டை 40, 50 மீட்டர் வரை ஓரளவு நேராகப் போவதற்கு இந்த ரப்பர்தான் காரணம். ரப்பர் கோணலாக உட்கார்ந்திருந்தால் குண்டு பக்கவாட்டில் வளையும். ரப்பரில் எண்ணெய் பட்டால் ஒரு குண்டு மேலே போகும், அடுத்தது கீழே விழும்.

இரண்டாவது காரணம் குண்டின் தரம். குண்டின் விட்டம் 5.95 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். டோக்கியோ மருயியின் உள்குழலின் விட்டம் 6.08. நடுவில் இருப்பது ஒரு தலைமுடி அளவுதான். விளிம்பில் பிசிறும் உள்ளே காற்றுக்குமிழும் உள்ள மலிவு குண்டைப் போட்டுவிட்டு, உதையால் குறி கெட்டது என்று புலம்புபவர்களே அதிகம். சந்தேகம் தீரவேண்டுமானால் வழி எளிது: ரைஃபிளை மணல்மூட்டையில் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பாருங்கள், பிறகு குழாயிலிருந்து எடையைக் கழற்றிவிட்டு அதே குண்டை, அதே தூரத்தில் சுடுங்கள். எம்4 வகையில் எடையைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. உதையே வேண்டாம் என்று நிரந்தரமாகக் கழற்றிவைத்து விளையாடுபவர்களும் உண்டு.

தொடர்ச்சியாகச் சுடும்போது கதை வேறு. பார்வைப் புள்ளி துள்ளும், இலக்கு கண்ணைவிட்டு விலகும். அது உண்மைதான், அதற்காகத்தானே காசு கொடுத்தோம்! மலிவான ரெட்-டாட் பார்வைக்கருவி மாட்டியிருந்தால் அதன் திருகுகளை மட்டும் அடிக்கடி சோதிக்கவேண்டும். இந்த அதிர்வில் முதலில் இளகுபவை அவைதான்.

நம்பிக்கை: பெட்டியில் போட்டிருக்கும் வேகம்தான் துப்பாக்கியின் சக்தி.

எந்த எடை குண்டில் அளந்தது என்று சொல்லாத வேகத்துக்கு அர்த்தம் கிடையாது. ஜப்பானில் இது வெறும் வாதமல்ல, சட்டம். சக்தி கூட்டப்பட்ட ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளால் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்களுக்குப் பிறகு, 2006-இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்பது எல்லை. 6 மில்லிமீட்டர் குண்டின் பரப்புக்குக் கணக்கிட்டால் 0.989 ஜூல் வருகிறது. அதைத் தாண்டினால் அது பொம்மை இல்லை, வைத்திருப்பதே குற்றம்.

ஒரு கணக்கு போடுவோம். நொடிக்கு 95 மீட்டர் வேகத்தில் 0.20 கிராம் குண்டு போனால் 0.90 ஜூல், சட்டத்துக்கு உட்பட்டது. அதே 95 மீட்டரை 0.25 கிராம் குண்டில் காட்டினால் 1.13 ஜூல், சட்டத்தை மீறியது. திரையில் தெரியும் எண் ஒன்றுதான். எனவே எந்தக் குண்டால் விளையாடப் போகிறீர்களோ அதைப் போட்டே அளக்கவேண்டும். வாங்கும்போது பத்து முறை சுட்டு வேகம் பார்க்கச் சொல்லுங்கள். சராசரி எவ்வளவு என்பதைவிட, பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று கவனியுங்கள். வேகம் ஏறி இறங்கினால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. ஒரு ரைஃபிளைப் பற்றி எனக்கு முதலில் தெரியவேண்டியது இந்த எண்களின் நெருக்கம்தான். உதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: பெரிய பேட்டரி, கெட்டி ஸ்பிரிங் போட்டால் உதையும் கூடும், எல்லாம் கூடும்.

கூடும். செலவும் கூடும். சாதாரண ரைஃபிளில் மோட்டார் பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் மட்டும் இழுக்கிறது. இதில் அந்த எடையையும் சேர்த்து இழுக்கவேண்டியிருக்கிறது. அதே பேட்டரியில் சுடக்கூடிய எண்ணிக்கை குறைவதும், விசையை அழுத்துவதற்கும் குண்டு பாய்வதற்கும் இடையே ஒரு கணம் தாமதம் தெரிவதும் அதனால்தான். டோக்கியோ மருயியின் இந்த ரைஃபிள்கள் 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரிக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டவை. 7.4 வோல்ட் என்று எழுதிய இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியே முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். 11.1 வோல்ட் என்று எழுதியது 12.6 காட்டும். அதைச் செருகினால் அந்த எடை வேகமாகவும் அடிக்கடியும் போய் மோதும். பிஸ்டனின் பற்களும் விசையின் செப்புத் தொடுமுனைகளும் தேய்வது உறுதி. தொடுமுனையில் பொறி பறந்து கரி படிவதைத் தடுக்க மாஸ்ஃபெட் என்ற சின்ன மின்சுற்றைச் சேர்ப்பது நல்ல யோசனை.

இதே வகையில் இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டோக்கியோ மருயியின் உதைக்கும் எம்4-இன் மேகசின் சாதாரண மின்சார எம்4-இல் பொருந்தாது. அதனுடையது இதில் பொருந்தாது. கியர்பாக்ஸ் பாகங்களும் பெரும்பாலும் தனி. ஏற்கெனவே வீட்டில் மேகசின் குவித்து வைத்திருப்பவர் ரைஃபிளின் விலையோடு புது மேகசின்களின் விலையையும் கூட்டிக்கொள்ளட்டும்.

நம்பிக்கை: உதை இல்லாத பொம்மையில் பழகுவது வீண்.

ஜப்பான் தரைப்படை இதற்கு வேறு விதமாகப் பதில் சொன்னது. கட்டடங்களுக்குள் நெருங்கிச் சண்டையிடும் பயிற்சிக்காக, தன் 89-ஆம் வகை ரைஃபிளின் ஏர்சாஃப்ட் வடிவத்தை டோக்கியோ மருயியோடு சேர்ந்து உருவாக்கியது. பொதுமக்களுக்கும் அது விற்பனைக்கு வந்தது. அது உதைக்காத சாதாரண மின்சார வகைதான். கதவைத் திறந்து நுழைவது, மூலையைப் பார்ப்பது, கூட்டாளியின் மேல் குழலைத் திருப்பாமல் நகர்வது, இவற்றுக்கு உதை தேவைப்படவில்லை. இன்னொரு சான்று தட்சுயா சகாய். கைத்துப்பாக்கிக்கு இடமில்லாத ஜப்பானில் ஏர்சாஃப்ட் கொண்டு வருடக்கணக்கில் பழகியவர், 2004-இல் அமெரிக்காவுக்குப் போய் நிஜத் துப்பாக்கியால் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் வேகப் போட்டியில் பட்டம் வென்றார்.

பயிற்சிக்காக வாங்குபவர் உதையைவிட வேறொன்றைப் பார்க்கலாம். டோக்கியோ மருயியின் உதைக்கும் எம்4-இல் மேகசின் காலியானால் சுடுவது நின்றுவிடும். புது மேகசின் போட்டு, பக்கவாட்டுப் பொத்தானைத் தட்டினால்தான் மறுபடி சுடும். சாதாரண மின்சார ரைஃபிள் காலியாக இருந்தாலும் வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டேயிருக்கும். கைப்பழக்கம் என்று வந்தால் தோளுக்குக் கிடைக்கும் அந்த வெட்டைவிட இது பெரிய விஷயம். ஆனால் எம்4 மேகசினில் 82 குண்டு. நிஜத்தில் 30. குண்டை எண்ணிச் சுடும் பழக்கம் வராது.

நம்பிக்கை: உதை வேண்டுமென்றால் கேஸ் துப்பாக்கிதான், மின்சாரமெல்லாம் சும்மா.

கேஸ் அழுத்தத்தால் இயங்கும் ரைஃபிளில் போல்ட் முழுதாக ஓடுவதால் உதை தெளிவாகத் தெரியும் என்பது சரி. ஆனால் ஜப்பானில் பரவலாகப் பயன்பட்ட ஹெச்எஃப்சி-134ஏ கேஸின் அழுத்தம் 25 டிகிரியில் சுமார் 6.6 பார், 5 டிகிரியில் 3.5. குளிர்காலக் காலையில் சக்தி பாதியாகிவிடும். வேகமாகச் சுட்டால், மேகசினுக்குள் இருக்கும் கேஸ் ஆவியாகும்போது மேகசினும் குளிர்ந்துவிடும், கோடையிலும் அதே கதைதான். மின்சார ரைஃபிளுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

நம்பிக்கை: என்ன இருந்தாலும் பொம்மைதானே.

ஒரு ஜூலுக்குக் குறைவான 6 மில்லிமீட்டர் குண்டு தோலில் சிவந்த வட்டம் போடும். கண்ணில் பட்டால் உள்ளே ரத்தம் கட்டும், பார்வையே போகலாம். சாதாரண மூக்குக்கண்ணாடி இதற்கு ஆகாது. குண்டு தாங்குமென்று சோதிக்கப்பட்ட, முகத்தோடு ஒட்டி மூடும் கண்காப்பு வேண்டும். விளையாடாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அது வேண்டும்.

டோக்கியோவின் அகிஹபராவில் ஆசையாக ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ திரும்பும் தமிழருக்கு ஒரு வார்த்தை. இரண்டு நாடுகளிலும் இதைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. உரிய அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் வழக்கு விழும், உதைக்கும் வகையாக இருந்தாலும் சரி, உதைக்காத வகையாக இருந்தாலும் சரி.