டோக்கியோவில் நிபுணர் பேசும்போது: வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படும் இளம் நிருபர்களுக்கு

வெளிநாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே யாரை நம்பறது, சார்?" என்பதுதான். ஊர் புதிது, மொழி பிடிபடவில்லை, டெஸ்க்கிலிருந்து மட்டும் தினமும் போன் வரும். அந்த நாட்களில் கைகொடுப்பவை நிருபர் மன்றங்களில் நடக்கும் நிபுணர் உரைகள். அரசியல் பேராசிரியர், பங்குச் சந்தைப் பொருளியலாளர், முன்னாள் தூதர் என்று யாராவது ஒருவர் வாரந்தோறும் பேசுவார். அந்த உரைகளை முழுமையாகப் பயன்படுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன். எப்படிப் பயன்படுத்துவது என்பதை நான் நன்கு அறிந்த டோக்கியோவை வைத்துச் சொல்கிறேன்.

1. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோவில் வெளிநாட்டு நிருபர்கள் மன்றம் 1945-இல், போர் முடிந்த கையோடு தொடங்கியது. உறுப்பினர்களே நடத்தும் மன்றம். பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களின் குழுதான். வெளிநாட்டுப் பத்திரிகை மையம் என்று இன்னொன்று இருக்கிறது. அதை 1976-இல் தொடங்கியவர்கள், பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரனும் ஜப்பானிய நாளிதழ்களின் சங்கமும். இரண்டிலும் நல்ல உரைகள் கிடைக்கும். ஆனால் ஒரு நிபுணரை அழைத்தது யார், ஏன் இந்த வாரம் அழைத்தார்கள் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே பதில் கிடைக்காது. அழைப்பிதழைப் படிக்கும்போதே அதை யோசித்துவிடுங்கள்.

2. படிக்காமல் போகாதீர்கள். மற்ற அறிவுரைகள் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

1974 அக்டோபரில் 'புங்கேய் ஷுன்ஜூ' என்ற மாத இதழில் தச்சிபானா தகாஷி என்ற எழுத்தாளர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிரதமர் தனாகா காகுயேயின் பணம் எங்கிருந்து வந்தது என்பது பொருள். நிலப் பதிவேடு, நிறுவனப் பதிவு, அரசியல் நிதிக் கணக்கு என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய ஆவணங்களை ஒரு குழுவை வைத்துக்கொண்டு தோண்டியிருந்தார். பெரிய நாளிதழ்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரதமரின் நிழலாகத் திரியும் அரசியல் நிருபர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த மாதம் 22-ஆம் தேதி தனாகா வெளிநாட்டு நிருபர்கள் மன்றத்தின் மதிய விருந்துக்குப் பேச வந்தார். அங்கே கேள்வி மேல் கேள்வியாகக் கட்டுரையைப் பற்றியே கேட்டார்கள். மறுநாள் ஜப்பானிய நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு விஷயம் வந்துவிட்டது. நவம்பர் இறுதியில் தனாகா பதவி விலகுவதாக அறிவித்தார்.

இந்தக் கதையை வெளிநாட்டு நிருபர்களின் வீரம் என்று சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உழைப்பு தச்சிபானாவுடையது. அந்த அரங்கில் இருந்தவர்கள் செய்த நல்ல காரியம், உள்ளூர்க்காரர் தோண்டி எடுத்ததைப் படித்துவிட்டு வந்ததும், பிரதமரின் முகத்துக்கு நேரே அதைக் கேட்டதும். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. பேச்சாளரின் கடைசி இரண்டு கட்டுரைகளையும், அவரை மறுத்து உள்ளூரில் எவராவது எழுதிய ஒரு கட்டுரையையும் படித்துவிட்டுப் போங்கள். மொழி தெரியாவிட்டால் காசு கொடுத்தாவது மொழிபெயர்த்துப் படியுங்கள்.

3. "இது எந்த ஆவணத்தில் இருக்கிறது?" என்று கேட்கப் பழகுங்கள். கோபே காகுயின் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் காமிவாகி ஹிரோஷி டிவிக்காகப் பேசித் திரிகிற நிபுணர் அல்லர். ஆளுங்கட்சிக் கோஷ்டிகள் நிதி திரட்ட நடத்திய விருந்துகளின் கணக்கில் ஓட்டை இருப்பதை 2022-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் 'அகாஹாத்தா' இதழ் எழுதியது. காமிவாகி கணக்கு அறிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து அரசு வழக்கறிஞர்களிடம் புகார் கொடுத்தார். அந்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் அபே கோஷ்டியைச் சேர்ந்த 4 அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். கோஷ்டி அரசியலைப் பற்றி மேடையில் அழகாக விளக்குகிறவர்கள் பலர். ஆவணம் காட்டுகிறவரின் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பங்குத் தரகு நிறுவனத்தின் பொருளியலாளர் வட்டி விகிதத்தைப் பற்றிச் சொல்வது தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது உங்கள் வாசகருக்குத் தெரிய வேண்டும். அரசின் ஆலோசனைக் குழுவில் இருக்கும் பேராசிரியரை வெறுமனே 'பேராசிரியர்' என்று எழுதுவது வாசகரிடம் பாதியை மறைப்பது.

5. பேச்சாளர் ஏன் இந்த அரங்கைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசியுங்கள். 2023 ஏப்ரலில் ஒகாமோட்டோ காவான் என்ற இளம் பாடகர், பொழுதுபோக்கு உலகின் பெரும் புள்ளியாக இருந்த ஜானி கிதகாவா சிறுவயதில் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதை வெளிநாட்டு நிருபர்கள் மன்றத்தில்தான் சொன்னார். கிதகாவா மீது முன்பே எழுந்த இத்தகைய குற்றச்சாட்டுகளை டோக்கியோ உயர் நீதிமன்றம் 2003-இலேயே உண்மை என்று ஏற்றிருந்தது. அப்படியும் உள்ளூர் ஊடகங்கள் பல ஆண்டுகள் மௌனமாக இருந்தன. அப்படிப்பட்டவர் வரும்போது அந்த அரங்கு எதற்காக இருக்கிறது என்பது விளங்கும்.

வேறு காரணத்துக்காகவும் வருவார்கள். நிஸான் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் 2019 ஏப்ரலில் நிருபர்களைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் மறுபடி கைது செய்யப்பட்டார். முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவை அவருடைய வழக்கறிஞர் மன்றத்தில் போட்டுக் காட்டினார். தனக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று கோன் சொன்ன அதிகாரிகளின் பெயர்கள் அதிலிருந்து வெட்டப்பட்டிருந்தன. வீடியோவில் இருந்ததை எல்லோரும் எழுதினார்கள். வெட்டியதை எழுதியவர்களின் செய்தியைத்தான் நான் முழுதாகப் படித்தேன். ஒரகடத்தில் அப்போது ரெனோ-நிஸான் கூட்டு ஆலை இருந்ததால் அது நமக்கும் அக்கம்பக்கத்துச் செய்திதான்.

6. பெயர் சொல்லி எழுதலாமா, கூடாதா என்பதை உரை தொடங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். லண்டன் சாட்டம் ஹவுஸ் 1927-இல் வகுத்த விதியின் பெயரைச் சில கூட்டங்களில் சொல்வார்கள். கேட்ட தகவலை எழுதலாம். யார் சொன்னார், எந்த நிறுவனத்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை எழுதக் கூடாது. 'ஆஃப் த ரெக்கார்டு' என்றால் கேட்ட தகவலையும் எழுதக் கூடாது. எழுந்து போகும்போது "இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்டு" என்று ஒருவர் சொன்னால் அது உங்களைக் கட்டாது. ஆனாலும் அவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமும் அவர் தேவைப்படுவார்.

7. எண்களை உரைபெயர்ப்பாளரிடமிருந்து அப்படியே வாங்காதீர்கள். ஜப்பானியர்கள் நான்கு நான்கு சுழியமாக எண்ணுவார்கள்: பத்தாயிரம் 'மான்', பத்துக் கோடி 'ஓக்கு', லட்சம் கோடி 'ச்சோ'. ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு, அங்கிருந்து தமிழுக்கு என்று இரண்டு முறை தாண்டும்போது ஒரு சுழியம் எங்காவது விழுந்துவிடும். நமக்கு ஒரு வசதி உண்டு. அவர்களின் ஒரு ச்சோ நம்முடைய ஒரு லட்சம் கோடி, சுழியத்துக்குச் சுழியம் சரி. மில்லியன் பில்லியன் வழியாகச் சுற்றாமல் நேரே மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு நிறுவனத்தின் அறிக்கையோடு சரிபாருங்கள்.

8. கணிப்புகளுக்கு என்று தனி நோட்டு வையுங்கள். தேதி, பெயர், சொன்னது, நடந்தது. 2013 ஏப்ரலில் ஜப்பான் மத்திய வங்கியின் தலைவர் குரோதா ஹருஹிகோ, சுமார் 2 ஆண்டுகளில் பணவீக்கத்தை 2 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். எத்தனை நிபுணர்கள் அதற்குக் கட்டியம் கூறினார்கள்! விற்பனை வரி உயர்வின் விளைவை ஒதுக்கிப் பார்த்தால், 2022 ஏப்ரலில்தான் காய்கறி, மீன் போன்ற புதிய உணவுப் பொருள்களின் விலை நீங்கிய பணவீக்கம் 2 சதவீதத்தைத் தாண்டியது. அதுவும் எரிபொருள் விலை ஏறியதாலும் யென் சரிந்ததாலும். நோட்டு இருந்தால் யார் பிழையை ஒப்புக்கொண்டு பேசுகிறார், யார் பழையதை மறந்துவிட்டுப் புதிதாகக் கணிக்கிறார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அமைச்சரவைக்கும் ஆளுங்கட்சிக்கும் உள்ள ஆதரவு விகிதங்களைக் கூட்டினால் 50-க்குக் கீழே போனதும் ஆட்சி ஆட்டம் காணும் என்று 'ஆவோக்கி விதி' ஒன்றை அரசியல் நிபுணர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதையும் நோட்டில் எழுதிப் பாருங்கள்.

9. ஒரு கேள்வி. பெயர், பத்திரிகை, கேள்வி. முன்னுரை வேண்டாம்.

10. டோக்கியோ அரங்கை விட்டு வெளியே போங்கள். ராணுவ நிபுணர்கள் தலைநகரில் உட்கார்ந்து ஒகினாவாவைப் பற்றி வரைபடத்தை வைத்துப் பேசுவார்கள். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள அந்த மாநிலத்தில்தான், ஜப்பானில் அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் ஹெனோகோவில் கடலைத் தூர்த்துப் படைத்தளம் கட்டலாமா என்று 2019 பிப்ரவரியில் அங்கே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். நிபுணரின் உரையை ஒகினாவாவின் நாஹாவில் ஒரு மீன்பிடிக்காரரிடமும் ஒரு பள்ளி ஆசிரியரிடமும் சொல்லிக் காட்டி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அது மனத்தில் பதிந்தால் மேடை உரையை வேறு மாதிரி கேட்பீர்கள்.

11. நம் வாசகரின் கேள்வியைக் கொண்டு போங்கள். ராய்ட்டர்ஸ் நிருபர் கேட்பதையே நீங்களும் கேட்டால் உங்களை அனுப்பியது வீண். சென்னை மெட்ரோவுக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் குடிநீர் தரும் ஒகேனக்கல் திட்டத்துக்கும் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனை யென்னில் திருப்ப வேண்டும். யென் வலுத்தால் ரூபாயில் சுமை கூடும். வட்டி விகிதம் பற்றி மத்திய வங்கியின் முன்னாள் அதிகாரி பேசுகிற நாளில் இதைக் கேளுங்கள்.

12. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே மதியம் 12.30-க்கு உரை தொடங்கும்போது சென்னையில் காலை 9. டெஸ்க் அவசரப்படுத்தினால் நான்கு பத்தியை முதலில் அனுப்பிவிடுங்கள். நம் இரவுப் பதிப்பு மூடும்வரை அங்கே எஞ்சிய அலுவல் நேரமும் மாலையும் கையில் இருக்கின்றன. பேச்சாளர் சொன்னதை ஏற்காத இன்னொரு நிபுணருக்கும், அவர் குறை சொன்ன நிறுவனத்துக்கும் போன் செய்யுங்கள். பதில் வந்தால் சேருங்கள். வராவிட்டால் எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதிவிட்டு, பதில் வரவில்லை என்று செய்தியில் சொல்லுங்கள்.