பழைய வேன் வாங்கப் போறீங்களா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்



ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டேங்க் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிட வேண்டும் என்ற ஆசை நம் ஹாஸ்டலில் அறைக்கு ஒருவருக்காவது இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. மெஸ் பில் கட்டாதவன்கூட ராத்திரி பதினோரு மணிக்கு ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் வேன் படம் போட்டுக்கொண்டிருப்பான். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கும். வண்டி மட்டும் வெறும் செவ்வகமாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்தச் செவ்வகத்தைப் பற்றியது. கட்டிலை எந்த ஆசாரியும் செய்து கொடுத்துவிடுவார். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் அதைத் திருத்த எந்தப் பட்டறையாலும் ஆகாது.

நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த வேலைக்கென்று கையில் சிக்குவது பெரும்பாலும் நாலு வகைதான். 1984-ல் வந்து 2019-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி ஆம்னி, அதற்கு அடுத்த தலைமுறையான ஈகோ, டாடா விங்கர், டெம்போ டிராவலர். டிராவலர் என்பது மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாக வைத்து பஜாஜ் டெம்போ கம்பெனி 1980களில் கொண்டு வந்த வண்டி. கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் நம் ஜனங்கள் டெம்போவை விடுவதாக இல்லை.

இதில் ஆம்னி, ஈகோ, டிராவலர் மூன்றும் பின்சக்கர இயக்கம். விங்கர் முன்சக்கர இயக்கம். இது சின்ன விஷயம் இல்லை. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது என்று அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்தோமே, அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வண்டி எடை 2500 கிலோ, வீல் பேஸ் 3.05 மீட்டர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.9 மீட்டர், ஏற்றம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், முன் அச்சிலிருந்து சுமார் 145 கிலோ பின் அச்சுக்குப் போய்விடுகிறது. இது போதாதென்று தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் நாம் பின்னால்தான் வைப்போம். ஈர மண்ணில் முன்சக்கரம் இழுக்கும் வண்டி பிடிப்பு இழந்து சுற்றும், பின்சக்கரம் தள்ளும் வண்டி ஏறிவிடும். விங்கர் ஹைவேயில் சுகமான வண்டிதான், தளமும் தாழ்வு, ஏறி இறங்க வசதி. ஆனால் எஸ்டேட் மண் ரோட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நாலு சக்கர இயக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இதற்கென்றே பேர்போன வண்டி ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ. 1985 முதல் 1992 வரை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஸ்டெயர்-டெய்ம்லர்-புக் கம்பெனி அதைக் கட்டியது. எஞ்சின் பின்னால். முன் அச்சுக்குப் போகும் வழியில் ஒரு விஸ்கஸ் கப்ளிங், அதாவது சிலிக்கோன் திரவத்துக்குள் வரிசையாக உலோகத் தட்டுகள். பின்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால் தட்டுகளுக்கு இடையே வேக வித்தியாசம் வரும், திரவம் இழுத்துப் பிடிக்கும், முறுக்குவிசை முன்னால் போகும். டிரைவர் எந்த லீவரையும் தொட வேண்டாம். அழகான ஏற்பாடு. ஆனால் நம் பட்ஜெட்டுக்கு அது கனவு. நல்ல டயரும், கொஞ்சம் குறைவான சுமையும், ஒரு மண்வெட்டியும் இருந்தால் பின்சக்கர வண்டியே நாம் போக நினைக்கும் முக்கால்வாசி இடத்துக்குப் போகும்.

அடுத்தது நீளம். டிராவலரில் 3050, 3350, 4020 என்று மாடல் பெயரிலேயே நம்பர் வரும். அது மில்லிமீட்டரில் வீல் பேஸ். பெரிசு வாங்கினால் உள்ளே இடம் அதிகம், அதனால் எல்லாருக்கும் 4020 மேல் கண். மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது வயிறு தட்டுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தரையிலிருந்து வண்டியின் வயிறு 180 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 3050 வீல் பேஸுக்கு நடுக்கோணம் சுமார் பதிமூன்றரை டிகிரி. அதே உயரத்தில் 4020-க்குப் பத்து டிகிரிதான். அந்த மூன்றரை டிகிரியில்தான் சைலன்சர் பைப் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதியையும் அளந்து பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறும்போது முதலில் தரையில் இடிப்பது அதுதான்.

ஆம்னி குட்டி வண்டி, வளைவில் லாவகம், பாகங்கள் எந்தச் சந்திலும் கிடைக்கும், 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை நாமே பிரித்துப் பூட்டலாம். ஆனால் 12 அங்குலச் சக்கரம். குழியில் இறங்கினால் பாதிச் சக்கரம் காணாமல் போகும். ஒருவர், மிஞ்சினால் இருவர் போவதற்கு ஆம்னி, ஈகோ. நாலு பேர் என்றால் டிராவலர் 3050 அல்லது 3350. இது என் தீர்ப்பு. சண்டைக்கு வருபவர்கள் டிராயிங் ஹாலுக்கு வரலாம்.

இப்போது எடை. இதைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஆர்.சி. புத்தகத்திலோ கார்டிலோ சுமையில்லாத எடை, சுமையோடு எடை என்று இரண்டு எண் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நமக்குக் கிடைக்கும் கையிருப்பு. உதாரணத்துக்கு 1000 கிலோ என்று வையுங்கள். நாலு பேர் 260. தண்ணீர் 80 லிட்டர், அது 80 கிலோ. எட்டுக்கு நாலு, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல் வரும், ஆறு ஷீட் 190. இரும்பு ஃபிரேம், மெத்தை 60. 150 ஆம்பியர் ட்யூபுலர் பேட்டரி 55. இன்வெர்ட்டர், ஒயர் 20. அடுப்பு, சின்ன சிலிண்டர், பாத்திரம் 35. துணிமணி 60. மேலே கேரியர், இரண்டாவது ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் 100. கூட்டினால் 860. கழற்றிய சீட்டின் எடை லாபம், சரி. ஆனால் இன்னும் ஒரு ஆள், ஒரு கிடார் என்று சேர்ந்தால் முடிந்தது. இதே கணக்கை ஆம்னியில் போட்டால் பாதியிலேயே பேனாவை மூடிவிட வேண்டியதுதான். 18-க்குப் பதில் 9 மி.மீ. பலகை போதும், கட்டிலுக்கு அலுமினியச் சட்டம் போதும். ஆசாரி ஒத்துக்கமாட்டார், பிடிவாதமாக இருங்கள்.

எடை ஏறினால் மைலேஜ் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்காதீங்க. விஷயம் இறக்கத்தில் இருக்கிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. 3000 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 29 மெகா ஜூல். இந்தச் சக்தியால் நூறு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு வரலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று கொதிக்கும் சூடு, நம் நாலு சக்கர பிரேக்கில்! எஞ்சின் பிடிப்பில், ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் முழுசையும் பிரேக்குக்குக் கொடுக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். அதனால் எந்த வேனை வாங்கினாலும் முதல் செலவு பிரேக் ஆயிலும் லைனிங்கும். திரைச்சீலை பிறகு.

வண்டி பார்க்கும் முறைக்கு வருகிறேன். போன வருஷம் நாங்கள் மூன்று பேர் ஒரு டிராவலர் பார்க்கப் போனோம். புதுப் பெயின்ட், உள்ளே நீல விளக்கு, பாட்டு. விலையும் கட்டுப்படி ஆகிற மாதிரி இருந்தது. லீவில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த ஐயாயிரத்தை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டோம். பணம் கொடுத்த பிறகுதான் நண்பன் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தான். துணி சுற்றிக் கதவின் அடிப்பாகத்தில் வைத்தால் பொத்தென்று கீழே விழுந்தது. சக்கர வளைவிலும் அப்படியே. அங்கே தகடே இல்லை, வெறும் பட்டி. ரப்பர் மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன். உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் கீழே தரை தெரிகிறது. "அண்ணே, இது என்ன?" என்று கேட்டோம். "தம்பி, அது தண்ணி வெளிய போறதுக்கு விட்ட ஓட்டை" என்றார். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. காந்தம் முதலில், பணம் கடைசியில் என்பது எங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தெரிந்தது.

அதிலிருந்து எங்கள் வழக்கம் இது. காலையில், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போய்விடுவோம். பானட்டையோ எஞ்சின் மூடியையோ தொட்டுப் பார்ப்போம். சூடாக இருந்தால் நமக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ் என்று புகை தள்ளக்கூடாது. தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டரைக் குளிர்ந்த நிலையில் திறந்து பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலு முறை அமுக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். டக் டக் என்றால் யூ.ஜே. கிராஸ், இல்லை டிஃப்ரன்ஷியல்.

பிறகு அடியில் படுங்கள். வெட்கப்பட வேண்டாம், நம் ஒர்க்ஷாப் காக்கிக்கு வேறென்ன வேலை. நீள பீமும், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகளும்தான் வண்டியின் உயிர். அங்கே வெல்டிங் ஒட்டு, வெடிப்பு, உப்பல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு தார் பூசியிருந்தால் இன்னும் சந்தேகம். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு பாருங்கள். டூர் வண்டி லட்சக்கணக்கில் ஓடியிருந்தாலும் நீள ஓட்டம், எஞ்சின் பரவாயில்லாமல் இருக்கும். ஸ்கூல் வேன் கிலோமீட்டர் குறைவு, ஆனால் தெருத்தெருவாக நின்று நின்று ஓடியது, கிளட்ச் போயிருக்கும். கிளட்சை மாற்றிவிடலாம், துருவை மாற்ற முடியாது. அதனால் நான் ஸ்கூல் வேன் கட்சி.

தளத்து ஓட்டையை நான் இவ்வளவு பேசுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரிய வந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவனுக்குத் தலைவலிகூடத் தெரியாது. சைலன்சர் ஜாயின்ட் கசிந்து, தளத்தில் ஓட்டையும் இருந்தால் நம் படுக்கைக்கு அடியிலேயே புகைபோக்கி வைத்த மாதிரி. ஆம்னியில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்த மூடியின் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கக்கூடாது, கதவை மூடிக்கொண்டு உள்ளே சமைக்கவோ கரி மூட்டவோ கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. மேற்கூரையில் ஒன்றும் தளத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமாகக் காற்றுத் துவாரம் கட்டாயம் விடுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி, வரி, எஃப்.சி., பழைய அபராதம் எல்லாம் பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, சொந்த வண்டியாக மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. ஆகவே கூரையை வெட்டுவது, சேஸிஸை நீட்டுவது பற்றிக் கனவிலும் வேண்டாம். சீட் எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள். காட்டுக்குள் தடம் விட்டு ஓட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது ஒரு 3350 ஸ்கூல் வேனைப் பார்த்து வைத்திருக்கிறோம். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, கிளட்ச் நான் சொன்னபடியே வழுக்குகிறது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. பீம் பக்கத்தை இன்னொரு முறை, மழை பெய்த மறுநாள், பார்க்க வேண்டும்.