விரைவுச்சாலையில் நாமே சிக்னல்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு நம் சங்கத்து உறுப்பினர்களில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்குப் போவதென்றால் ரயில்தான். இன்று நிலைமை வேறு. மே மாத விடுமுறை வந்தால் புனே, சத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹுப்ளி, பெங்களூர் வழியாகக் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போய்வருகிறவர்கள் பலர். சென்னை மட்டுமே மும்பையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். அதற்குத் தெற்கே உள்ளவர்களுக்கு இன்னும் தூரம். அந்த நீண்ட பயணத்தில் முதலில் வருவது மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வே. அதில் எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிப்ளமோ முடித்து ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, கல்யாண், கர்ஜத், லோனாவாலா பகுதிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதே என் ஆயுட்காலத் தொழில். அந்தக் கண்ணோடு சாலையைப் பார்க்கும்போது தோன்றியவற்றை எழுதுகிறேன்.

ரயிலில் இருப்பது, சாலையில் இல்லாதது

ரயில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அதற்கு பிளாக் செக்‌ஷன் என்று பெயர். ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொரு வண்டி அதற்குள் வராதபடி சிக்னல் தடுக்கும். மும்பை மின்ரயில் பாதைகளில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள் என்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நிற்க வேண்டிய இடம் வருவதற்கு வெகு தூரம் முன்பே டிரைவருக்குச் செய்தி போய்விடும். ரயில் பாதை மாற வேண்டுமானாலும் டிரைவர் நினைத்தபடி மாற முடியாது. பாயின்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிய பிறகுதான் சிக்னல் விழும்.

எக்ஸ்பிரஸ்வேயில் இவை எதுவும் கிடையாது. சிக்னல்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், டிரைவர் ஆகிய நால்வரும் ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஒருவரே. முன் வண்டியோடு நாம் விடும் இடைவெளிதான் நம் பிளாக் செக்‌ஷன். நாம் ஓடும் தடம்தான் பின்னால் வருகிறவருக்கு நாம் காட்டும் சிக்னல். தடக் கட்டுப்பாடு என்பதன் பொருள் இவ்வளவுதான்: நாம் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மூன்று தடங்கள்

2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தச் சாலையின் நீளம் ஏறத்தாழ 94 கிலோமீட்டர். ஒவ்வொரு திசைக்கும் மூன்று தடங்கள். இடது தடம் லாரி, டிரெய்லர் போன்ற கனரக வாகனங்களுக்கு. நடுத் தடம் கார்கள் சீராக ஓட. வலது தடம் முந்துவதற்கு மட்டும். வலது தடம் வேகத் தடம் அல்ல. அது ஓவர்டேக் தடம். முந்த வேண்டியவர் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கம் திரும்பியும் ஒரு முறை பார்த்து, அந்தத் தடத்துக்குப் போக வேண்டும். முந்தியாயிற்றா, பின்தங்கிய வண்டி முழுவதும் உள்கண்ணாடியில் தெரிந்தவுடன் இண்டிகேட்டர் போட்டு நடுத் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நடைமுறையில் நடப்பது என்ன? லாரிகள் மூன்று தடங்களிலும் ஓடுகின்றன. கார்கள் வலது தடத்தில் ஏறினால் டோல் நாகா வரை இறங்குவதில்லை. பின்னால் வருகிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு இடப்பக்கமாக முந்துகிறார். நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். அதனால் அவருக்குப் பார்வை எட்டாத மூலை இடப்பக்கத்தில்தான் அதிகம். லாரிக்கோ இடப்பக்கத்தில் ஒரு கார் முழுவதுமே மறைந்துவிடும். இடது முந்தல் ஆபத்தாவதற்குக் காரணம் இது.

"நான் நூறில்தான் போகிறேன்"

நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "சமவெளியில் காருக்கு வரம்பு 100. நான் வலது தடத்தில் 100-ல் போகிறேன். என்னை முந்த நினைப்பவன் சட்டத்தை மீறுகிறவன். அவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புக் கணக்கில் இது தேறாது. பின்னால் வருகிறவரைத் தண்டிக்கும் வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. அதற்கு 2024 முதல் இந்தச் சாலையில் கேமராக்கள் இருக்கின்றன, போலீஸ் இருக்கிறது. நாம் மறித்தால் அவர் நிதானமாகிவிடப் போவதில்லை. நம் பின் பம்பரோடு ஒட்டிக்கொள்வார், அல்லது இடப்பக்கம் பாய்வார். எதைச் செய்தாலும் ஆபத்து நமக்கும், நம் பின் இருக்கையில் தூங்கும் பேரனுக்கும்தான். அவர் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவராகவும் இருக்கலாம். வழிவிடுவதால் நம் கௌரவம் குறையாது. இடது இண்டிகேட்டர் போட்டு நடுத் தடத்துக்கு ஒதுங்கிவிட்டால் அந்த ஆபத்து நம்மைக் கடந்து போய்விடும்.

வேகமாகப் போகிறவருக்கும் இதே மாதிரி ஒரு கடமை உண்டு. முன்னே இருப்பவர் ஒதுங்க இடம் கிடைக்கும் வரை பொறுக்க வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட் அடிப்பதும் ஹாரனை அமுக்குவதும் அவரைப் பதற வைக்கும். பதறியவர் கண்ணாடி பார்க்காமல் தடம் மாறுவார்.

இடைவெளிக் கணக்கு

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். முன்னால் ஏதோ நடக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வையுங்கள். மிதிப்பதற்குள் கார் 42 மீட்டர் போயிருக்கும். நல்ல டயர், உலர்ந்த சாலை என்றால் அதற்கு மேல் நிற்பதற்கு இன்னும் 64 மீட்டர் வரை வேண்டும். மொத்தம் 106 மீட்டர். இதே கணக்கில் 80-ல் போனால் சுமார் 74 மீட்டரில் நின்றுவிடலாம். 120-ல் போனால் 143 மீட்டர் தேவை. வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பிரேக் கரைக்க வேண்டிய சக்தி, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம். மழையில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

ஓடும்போது மீட்டரை அளக்க முடியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. முன் வண்டி ஒரு பலகையையோ மேம்பாலத்தையோ கடக்கும் நொடியில் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையிலும் இரவிலும் ஐந்து வரை எண்ணுங்கள்.

"இடைவெளி விட்டால் வேறொருவன் நுழைந்து விடுகிறானே" என்பார்கள். நுழையட்டும். காலைச் சற்றுத் தளர்த்தி, மறுபடி மூன்று எண்ணும் தூரத்துக்குப் பின்வாங்குங்கள். பத்துப் பேர் நுழைந்தாலும் நமக்கு நஷ்டம் அரை நிமிடம்.

மிச்சமாகும் நேரம்

சமவெளிப் பகுதி 75 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100-ல் போனால் 45 நிமிடம். வரம்பை மீறி 120-ல் போனால் முப்பத்தேழரை நிமிடம். மிச்சம் ஏழரை நிமிடம். அதுவும் வழி முழுவதும் ஒரு லாரி கூடக் குறுக்கே வராவிட்டால்தான். ஃபுட் மாலில் ஒரு வடா பாவும் டீயும் சாப்பிடும் நேரம் இதைவிட அதிகம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் புள்ளிவிவரம் சொல்கிறது. அதில் பத்தில் ஏழு பங்குக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. இந்த எக்ஸ்பிரஸ்வேயில் மட்டும் 2016-ல் 151 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தடுப்புகள், எச்சரிக்கைகள், கண்காணிப்பு, அவசர உதவி எல்லாவற்றையும் சேர்த்துச் சீர்செய்ததில் 2023-க்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. விபத்தைத் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு விளக்குக்கு ஒரு பொருள்

ரயில்வேயில் சிவப்பு என்றால் நில். அதற்கு இரண்டாவது பொருள் இல்லை. சாலையிலோ ஒரே சைகைக்குப் பல பொருள். இங்கிலாந்தில் எதிரே உள்ளவர் ஹெட்லைட் அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் முதலில் போங்கள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் "நான் வருகிறேன், விலகு" என்று அர்த்தம். ஆகவே பிறர் காட்டும் சைகையை மட்டும் நம்பித் தடம் மாறாதீர்கள். நம் கண்ணால் பார்த்த இடைவெளியை மட்டுமே நம்பலாம்.

மழையிலும் சுரங்கப் பாதையிலும் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அது தவறு. அப்படி ஓடுகிறவர் தடம் மாறினால் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்த விளக்கு, நின்றுபோன வண்டிக்கு உரியது. ஓடும் வண்டிக்கு ஹெட்லைட்டைத் தாழ்வாக எரியவிட்டால் போதும்.

மலைப்பாதை

கண்டாலா மலைச் சரிவில் காருக்கு வரம்பு 60. அதற்குப் பக்கத்திலேயே ஏறும் போர் காட் ரயில் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இறங்கும் ரயில்களுக்காக அங்கே கேட்ச் சைடிங் அமைத்திருக்கிறார்கள். பாயின்ட் அந்தப் பக்கவழியை நோக்கியே இருக்கும். ரயில் வந்து நின்று, பிரேக் பிடிக்கிறது என்று உறுதியான பிறகே மெயின் லைனுக்கு வழி கிடைக்கும். இறக்கத்தை எவ்வளவு மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

காரில் நாம் செய்ய வேண்டியது, இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது. காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். முப்பது, நாற்பது டன் சுமையோடு இறங்கும் லாரிக்கு இந்த அபாயம் பல மடங்கு. ஆகவே மலையில் லாரிக்கு நேர் முன்னால் சட்டென்று நுழையாதீர்கள். அந்த லாரிகளில் நாமக்கல், சங்ககிரி வண்டிகளும் எத்தனையோ உண்டு. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஓட்டும் நம் ஊர்க்காரருக்கு நாம் காட்டும் மரியாதை அதுவே.

முன் இருக்கையில் இருப்பவரின் வேலை

ரயில் இன்ஜினில் டிரைவரும் உதவி டிரைவரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் பிடித்துவிடும். காரில் முன் இருக்கையில் உட்காருகிறவரும் அப்படித்தான். "என்னங்க, லாரி வலப்பக்கம் ஒதுங்குது", "அப்பா, 60 பலகை வந்தாச்சு" என்று சொல்வது தொணதொணப்பு அல்ல. அது பாதுகாப்பு முறை. ஓட்டுகிறவர் கோபித்துக்கொள்ளாமல் "பார்த்தேன்" என்று பதில் சொல்லிவிட்டால் போதும். போனில் பேசும் வேலையும் வழி பார்க்கும் வேலையும் முன் இருக்கைக்காரருடையவை. ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் பெல்ட் அவசியம். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை - ஆமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின்னால் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை. முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். விலை உயர்ந்த கார் என்பதும் துணைக்கு வரவில்லை.

நினைவில் வைக்க

1. ஓடுவது நடுத் தடத்தில், முந்துவது வலது தடத்தில். முந்தியவுடன் திரும்பி வருக.
2. முன் வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி. மழையிலும் இரவிலும் ஐந்து.
3. கேமராவைக் கண்டவுடன் சட்டென்று பிரேக் மிதிக்க வேண்டாம். முன்பிருந்தே வரம்புக்குள் ஓடினால் அதற்கு அவசியம் வராது.
4. இறங்க வேண்டிய வழி தவறிவிட்டால் பின்னோக்கி எடுக்காதீர்கள். அடுத்த வழியில் இறங்கித் திரும்புங்கள்.
5. வண்டி பழுதானால் இடது ஓரத்தில் நிறுத்தி, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். வண்டிக்குள்ளும் பின்னாலும் நிற்க வேண்டாம்.
6. விபத்தைக் கண்டால் பத்திரமான இடத்தில் நின்று 112-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு 2019-ல் செய்த சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. போலீஸ் கேள்விக்குப் பயந்து விலகிப் போக வேண்டியதில்லை.

இந்த விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இந்தக் கட்டுரையை முன் இருக்கையில் உட்காரப் போகிறவரிடம் ஒரு முறை படிக்கக் கொடுங்கள். ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் நீங்கள் அரை மணி தாமதமாக வந்தால் கோபிக்க மாட்டார்கள். காப்பியை மறுபடி சூடாக்கித் தருவார்கள். நலமாகப் போய் வாருங்கள்.