மேலாளர் சம்பளத்தை அரசிடம் கேட்டு வாங்குவது எப்படி?

1943-ஆம் ஆண்டின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் விமான உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவு உங்கள் பொறுப்பு. போர்க்கால ஆர்டர்கள் குவிகின்றன. உற்பத்தி மேலாளர் இரவு பகல் பாராமல் ஆலையிலேயே கிடக்கிறார். வருடத்துக்கு 8,000 டாலர் வாங்கும் அவருக்கு 9,000 கொடுக்க முதலாளி தயார். கம்பெனியில் பணமும் இருக்கிறது. ஆனால் அரசின் அனுமதி இல்லாமல் அந்த 1,000 டாலரை முதலாளி கொடுப்பதும் சட்ட விரோதம், மேலாளர் வாங்குவதும் சட்ட விரோதம்.

இந்த நிலைமையில் அமெரிக்காவின் கம்பெனிகள் நான்கு ஆண்டுகள் இருந்தன. அப்போது அனுமதி கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பின்னால் இருந்த முறையை, சம்பளம் நிர்ணயிக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் சம்பள உயர்வு கேட்கப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'நல்லவர், உழைப்பாளி, நம்பிக்கையானவர்' என்ற சொற்கள் அங்கே செல்லுபடியாகவில்லை. வேலை என்ன, அதன் விலை என்ன, அதற்கு என்ன ஆதாரம் என்ற மூன்றும்தான் செல்லுபடியாயின.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1942 அக்டோபர் 2 அன்று நிலைப்படுத்தல் சட்டம் நிறைவேறியது. விலை, கூலி, சம்பளம் மூன்றையும் முடிந்தவரை 1942 செப்டம்பர் 15 அன்று இருந்த மட்டத்திலேயே நிறுத்துவது அதன் நோக்கம். ஆலைகள் பீரங்கியும் கப்பலும் செய்துகொண்டிருந்தன. கடைகளில் சரக்கு குறைவு, மக்கள் கையில் பணம் அதிகம். கூலி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் மறுபடி கூலி ஏறும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. மறுநாளே அதிபர் ரூஸ்வெல்ட் 9250 எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்து, பொருளாதார நிலைப்படுத்தல் அலுவலகத்தை உருவாக்கினார். அதன் இயக்குநராக வந்தவர் ஜேம்ஸ் பர்ன்ஸ். இந்த வேலைக்காக உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியையே விட்டுவிட்டு வந்தவர் அவர். விஷயத்தை அரசு எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது?

நிறைய பேர் முதலில் தடுமாறியது இங்கேதான். 1942 அக்டோபர் 27 அன்று வந்த விதிகள் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தன. தொழிலாளர் கூலியும், ஆண்டுக்கு 5,000 டாலர் வரையிலான சாதாரண சம்பளங்களும் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியத்தின் கையில். 5,000 டாலரைத் தாண்டிய சம்பளங்கள் எல்லாம் வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய்த் துறை ஆணையரிடம். அதோடு, 5,000-க்குக் கீழே வாங்கினாலும் நிர்வாகிகள், மேலாளர்கள், தொழில்முறை வல்லுநர்கள் ஆகியோர் தொழிற்சங்கத்தில் இல்லையென்றால் அவர்களும் ஆணையர் பக்கம்தான். இதற்கென்று வருவாய்த் துறைக்குள் சம்பள நிலைப்படுத்தல் பிரிவு என்று ஒன்று இயங்கியது.

ஆகவே ஃபைலைத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு உயர்வு என்பதல்ல. இவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான். தலைமை எழுத்தரா, அலுவலக மேலாளரா? பெயர்ப்பலகையில் மேலாளர் என்று இருந்தால் போதாது. அவர் உண்மையில் செய்யும் வேலையே அதைத் தீர்மானிக்கும்.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே மீறினால் 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் கம்பெனிகளை உண்மையில் நடுங்க வைத்தது வேறொன்று. அனுமதியில்லாமல் உயர்த்திய சம்பளத்தை வரிக் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள். ஏறிய 1,000 டாலரை மட்டுமல்ல, உயர்த்திய பின் கொடுத்த 9,000 முழுவதையும் தள்ளிவிடுவார்கள். கூடுதல் லாப வரி 90 சதவீதத்தில் இருந்த காலம் அது. அரசு ஒப்பந்தத்தின் செலவுக் கணக்கிலும் அந்தத் தொகை சேராது. ஆணையரின் முடிவே இறுதி; வரி நீதிமன்றத்துக்கும் போக முடியாது, சிவில் வழக்கும் போட முடியாது. வெறும் அபராதமாக இருந்திருந்தால் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். செலவுக் கழிவையே பிடுங்கியதால்தான் கணக்காளர்கள் ஒரு வரி எழுதும் முன் இரண்டு முறை யோசித்தார்கள்.

கேட்காமலே கொடுக்கக்கூடியவை

எல்லா உயர்வுக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. விதிகளே சில வழிகளைத் திறந்து வைத்திருந்தன. 5,000 டாலர் வரையிலான சம்பளங்களில், கம்பெனியில் முன்பே நிலைபெற்ற சம்பள வரம்பு ஒன்று இருந்து, அதற்குள்ளேயே ஒருவருக்குத் திறமைக்கான உயர்வு கொடுத்தால் அனுமதி தேவையில்லை. பதவி உயர்வு, பணிக்கால அடிப்படையில் ஏற்கெனவே வகுத்த இன்கிரிமென்ட், பயிற்சியாளர் படிநிலை ஆகியவற்றுக்கும் அப்படியே. 5,000-க்கு மேலே கெடுபிடி அதிகம். அங்கேயும், இன்னும் கடினமான அல்லது அதிகப் பொறுப்புள்ள வேலைக்கு மாற்றப்பட்டவருக்கு விலக்கு உண்டு என்று அதிபரின் ஆணையிலேயே எழுதியிருந்தது.

இந்தச் சலுகைகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை, அந்தச் சம்பள அமைப்பு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது. எந்த வேலைக்கு எந்த கிரேடு, அந்த கிரேடுக்கு எது குறைந்தபட்சம், எது உச்சம் என்று எழுதி வைத்திருந்த கம்பெனிக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. எல்லாவற்றையும் முதலாளி மனக்கணக்காக நடத்திய கம்பெனி ஒவ்வொரு டாலருக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பல காலம் விசுவாசமாக உழைத்த ஊழியர்கள், முதலாளி ஒரு காகிதத்தில் எழுதி வைக்காத காரணத்தாலேயே உரிய உயர்வை இழப்பது கொடுமை. அது தனி மனிதரின் தவறே இல்லை. போர்க்காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகளில் வேலை மதிப்பீட்டு முறையும் தனிப் பணியாளர் துறையும் வேகமாகப் பரவியதற்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம்.

விண்ணப்பத்தை எழுதும்போது

நம் உற்பத்தி மேலாளருக்கு வருவோம். அவருடைய 8,000 ஏற்கெனவே 5,000-ஐத் தாண்டியது. அனுமதி வேண்டும். கடிதத்தில் அவரைப் பற்றி எழுத ஆரம்பிக்காதீர்கள். நாற்காலியைப் பற்றி எழுதுங்கள். 1941-இல் அந்தப் பதவிக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், என்னென்ன பொருள்? இப்போது எத்தனை? புதிதாகச் சேர்ந்த பொறுப்புகள் எவை, எந்தத் தேதியிலிருந்து? அவற்றை முன்பு யார் செய்தார், அவருக்கு என்ன சம்பளம்? இதை ஒரு பக்கத்தில் சொல்ல முடியாவிட்டால், வேலை உண்மையில் மாறவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஒப்பீடு. பக்கத்து வட்டாரத்தில் அதே மாதிரி வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள்? அதைவிட முக்கியமானது, உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் கோணல். கொள்முதல் மேலாளர் 9,500 வாங்குகிறார், அவரைவிடப் பெரிய பொறுப்பில் இருப்பவர் 8,000 வாங்குகிறார் என்றால், அதுதான் உங்கள் வலுவான வாதம். முறையற்ற வேறுபாடுகளைச் சரிசெய்வதும் போர் முயற்சிக்கு உதவுவதும் சட்டம் ஒப்புக்கொண்ட காரணங்கள். 'வேறு கம்பெனி இழுக்கிறது, கொடுக்காவிட்டால் போய்விடுவார்' என்பதை நம்பி மட்டும் போகாதீர்கள். ஆள் இழுக்கும் அந்தப் போட்டியை நிறுத்தத்தானே இந்தச் சட்டமே வந்தது? 1943 ஏப்ரல் 8 அன்று ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9328 எண் ஆணைக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இப்படி ஒரு ஃபைல் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது இன்றும் மனதில் உறுத்துகிறது. ஒரு ஃபோர்மேனுக்காக இரண்டு பக்கம் மனமுருக எழுதியிருந்தேன். ஓரத்தில் ஒரே கேள்வி மட்டும் இருந்தது: வேலை என்ன? அந்தக் கேள்விக்கு என் இரண்டு பக்கத்தில் பதில் இல்லை. அவருடைய உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

சம்பளத்துக்கு அரசின் அனுமதி கேட்கும் பழக்கம் நம் இந்தியாவிலும் அவ்வளவு தூரத்தில் இல்லை. 2013-இன் கம்பெனிகள் சட்டம் 197-ஆம் பிரிவின்படி, பொதுக் கம்பெனி தன் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் கொடுக்கும் மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டுவதென்றால், மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2018 செப்டம்பரில்தான் அது நீங்கி, பங்குதாரர்களின் ஒப்புதல் என்று மாறியது.

சறுக்கும் இடங்கள்

மறுபடி போர்க்கால அமெரிக்காவுக்கு வருவோம். விண்ணப்பிப்பவர்கள் தேதியில் சறுக்குவார்கள். 5,000 டாலருக்கு மேற்பட்ட சம்பளங்களுக்கு 1942 அக்டோபர் 3-ம், ஆணையரின் கீழ் வரும் மற்ற சம்பளங்களுக்கு அக்டோபர் 27-ம் எல்லைக்கோடு. அதற்கு முன்பே உயர்வு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்வதானால், இயக்குநர் குழுவின் தீர்மானப் புத்தகமும் சம்பளப் பட்டியலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

போனஸில் சறுக்குவார்கள். சம்பளத்தைத் தொடாமல் போனஸாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், போனஸும் சம்பளக் கணக்கில்தான் வரும். வழக்கமாகக் கொடுத்துவந்த தொகையைத் தாண்டாதவரை சிக்கல் இல்லை. தாண்டினால் அதுவும் உயர்வுதான். புதுப் பதவி ஒன்றை உருவாக்கினால், அந்த வட்டாரத்தில் அதே போன்ற வேலைக்கு நிலவும் சம்பளத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இன்னொன்று, படித்த கணக்காளர்கள்கூடத் தவறவிட்டது. நிலைப்படுத்தல் பிரிவு அனுமதித்துவிட்டால் வரிக் கணக்கிலும் அந்தச் சம்பளம் நியாயமான செலவாக ஆகிவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. அது தனிக் கேள்வி, தனியாகவே விசாரிப்பார்கள். ஒரே துறையின் இரண்டு அறைகள் என்பதால் ஒரே பதில் வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

உச்சத்தில் இருந்தவர்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. வரி போக ஆண்டுக்கு 25,000 டாலருக்கு மேல் எவர் கையிலும் நிற்கக் கூடாது என்று ரூஸ்வெல்ட் 1942 ஏப்ரலில் நாடாளுமன்றத்திடம் கேட்டார். நாடாளுமன்றம் தரவில்லை. அக்டோபர் ஆணையின் வழியாகச் சம்பளத்துக்கு மட்டும் அந்த உச்சவரம்பைக் கொண்டுவந்தார். மொத்தச் சம்பளமாகக் கணக்கிட்டால் அது 67,200 டாலர். 1943 ஏப்ரலில் அரசுக் கடன் வரம்பை உயர்த்தும் சட்டத்தோடு சேர்த்து நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் உயர்வுக்கு அனுமதி வாங்கும் கட்டாயம் அப்படியே நின்றது. மேலே கூரை போன பிறகும் நடுவில் இருந்த ஆலை மேலாளருக்கு வாசல்காப்பு தொடர்ந்ததை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

கையில் கொடுக்க முடியாதபோது

சம்பளமாகக் கொடுக்க முடியாதபோது, சட்டம் எதைச் சம்பளம் என்று சொல்லவில்லை என்று பாருங்கள். நியாயமான அளவுக்குள் இருக்கும் காப்பீடும் ஓய்வூதியமும் சம்பளம் ஆகாது என்று நிலைப்படுத்தல் சட்டமே சொல்லியிருந்தது. ஆள் பிடிக்கத் தவித்த கம்பெனிகள் இந்த வழியில் நுழைந்தன. மருத்துவக் காப்பீடும் பென்ஷன் திட்டமும் பெருகின. இன்று அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வேலை வழியாகவே மருத்துவக் காப்பீடு பெறுவதற்கான வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் மேலதிகாரிகளுக்கு மட்டும் பென்ஷன் என்று வகுக்க முயன்றால் நடக்காது: 1942-இன் வருவாய்ச் சட்டப்படி, அதிகாரிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் சாதகமாகச் சாயும் திட்டத்துக்கு வரிச் சலுகை கிடையாது. மேலாளருக்குக் கொடுக்க நினைத்தால் மற்ற ஊழியர்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே, விலையை ஏற்றக் காரணமாகக் காட்டாதவரை கூலியை உயர்த்திக்கொள்ளலாம் என்று அதிபர் ட்ரூமன் தளர்த்தினார். 1946 நவம்பர் 9 அன்று கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. சம்பளப் பிரிவுகளில் பெட்டி பெட்டியாக இருந்த வேலை விவரங்களையும் கிரேடு அட்டவணைகளையும் இனி எதற்கு என்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் கொரியப் போர் வந்தது. 1951 ஜனவரியில் மறுபடியும் சம்பளங்கள் உறைந்தன. நிர்வாகிகளுக்கென்று தனியாகவே சம்பள நிலைப்படுத்தல் வாரியம் ஒன்று அமைந்தது. 1953 பிப்ரவரியில் அதிபர் ஐசன்ஹோவர் கட்டுப்பாட்டை நீக்கும்வரை, 1946-இன் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த சம்பளப் பிரிவுக்கு விண்ணப்பத்தின் பாதி ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது.